மேலண்ணத்தை வெட்டாமல் ஈறு ஒட்டு வைக்க முடியுமா? பல்லுக்கும் இம்பிளாண்டுக்கும் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "சரியாகுமா?" என்பதல்ல. "ஈறில் ஒட்ட மேலண்ணத்தில் சதை வெட்டி எடுப்பார்களாமே, அது இல்லாமல் முடியாதா?" என்பதுதான். நியாயமான பயம். ஒட்டு வைத்த இடம் பெரும்பாலும் சத்தம் போடாமல் ஆறிவிடும், எடுத்த இடம்தான் ஒரு வாரம் பத்து நாள் படுத்தி எடுக்கும். சூடாக ஒரு வாய் எதைக் குடித்தாலும் நாக்கு தானாக அங்கே போய்த் தடவிப் பார்க்கும்.

பல நேரம் முடியும், சில நேரம் முடியாது. எப்போது எது என்பதைப் பிரிப்பது பெட்டியில் வரும் மாற்றுப் பொருளின் பெயர் இல்லை, உங்கள் வாயில் அந்த இடத்துக்கு என்ன தேவைப்படுகிறது என்பதுதான். நோயாளிகளுக்கும், ஈறு அறுவையில் இப்போதுதான் கை வைக்கும் இளம் பல் மருத்துவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், அதனால் சில இடம் ஒருவருக்கு அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் தோன்றலாம்.

முதல் படி: ஏன் இறங்கியது, எவ்வளவு இறங்கியது

கடினமான பிரஷ்ஷைக் குறுக்கே வைத்து அரக்கித் தேய்ப்பது, பிறவியிலேயே மெல்லிய ஈறு, கம்பி போட்டபோது பல் எலும்பின் எல்லையைத் தாண்டி வெளியே நகர்ந்தது, உதட்டில் குத்திய வளையம் உரசுவது, உதட்டையும் ஈறையும் இணைக்கும் ஃப்ரீனம் ஈறின் விளிம்புக்கு மிக அருகில் ஒட்டி இழுப்பது, ஈறு நோயில் எலும்பு கரைந்தது என்று காரணங்கள் பல, ஒரே பல்லில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஒட்டு வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. பிரஷ் பிடிக்கும் முறை மாற வேண்டும், பற்காரையை எடுக்க வேண்டும், ஈறில் ரத்தம் கசிவது நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி.

அடுத்தது அளவு. இறங்கிய ஆழம் மில்லிமீட்டரில் எவ்வளவு என்பதைவிட, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள முக்கோண ஈறும் அதன் அடியில் உள்ள எலும்பும் எப்படி இருக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கும். 1985-ல் மில்லர் இதை நான்கு வகுப்பாகப் பிரித்தார். 2011-ல் கெய்ரோ குழுவினர் மூன்றாகச் சுருக்கினார்கள், இப்போது பெரும்பாலும் அதைத்தான் எழுதுகிறோம். ஆர்டி என்பது ரிசஷன் டைப், அதாவது இறக்கத்தின் வகை. ஆர்டி1 என்றால் பல்லிடுக்கில் இழப்பே இல்லை, வேரை முழுதாக மூடும் வாய்ப்பு உண்டு. ஆர்டி2 என்றால் இடுக்கிலும் இழப்பு உண்டு, ஆனால் முன்பக்க இழப்பை மிஞ்சவில்லை. சில பற்களில் முழுதாக மூடும், பலவற்றில் ஒரு பகுதிதான். ஆர்டி3 என்றால் இடுக்கில் இழப்பு முன்பக்கத்தைவிட அதிகம். எந்தப் பொருளைக் கொண்டுவந்து வைத்தாலும் முழுதாக மூடாது. உங்கள் பதிவில் ஆர்டி3 என்று எழுதியிருக்க, யாராவது "புதுப் பொருள் வந்திருக்கிறது, முழுதாக மூடிவிடலாம்" என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று கீழ் உதட்டை மெதுவாக முன்னே இழுங்கள். இளஞ்சிவப்பாக, கொஞ்சம் மங்கலாக, அசையாமல் இருப்பது கெரட்டின் (நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்) படிந்த கெட்டி ஈறு. அதற்கு அப்பால் பளபளவென்று செக்கச்சிவந்து, உதட்டோடு சேர்ந்து ஆடுவது வெறும் சவ்வு. வேர் தெரியும் பல்லின் ஓரத்தில் அந்தக் கெட்டி ஈறு ஒரு கோடு அளவுக்காவது இருக்கிறதா, அல்லது ஆடும் சவ்வே பல்லை வந்து தொடுகிறதா? இந்த ஒரு கேள்விக்கான பதில் இந்தக் கட்டுரை முழுக்கத் தேவைப்படும். தடிப்பைப் பார்க்க மருத்துவர் ஈறின் இடுக்கில் அளவுக் குச்சியை விடுவார். குச்சியின் உலோகம் ஈறு வழியே நிழலாகத் தெரிந்தால் மெல்லிய ஈறு.

எல்லா இறக்கத்துக்கும் அறுவை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூச்சம் இல்லை, பார்வைக்கு உறுத்தவில்லை, இரண்டு வருடமாகப் படத்தில் மாற்றம் இல்லை, கெட்டி ஈறு போதுமான அளவு இருக்கிறது என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

இரண்டாம் படி: மூன்று வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

ஒட்டு வைப்பது என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வேலை. வேரை மூடுவது, இருக்கும் ஈறைத் தடிப்பாக்குவது, இல்லாத கெட்டி ஈறைப் புதிதாக உருவாக்குவது. மாற்றுப் பொருட்களைப் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது.

முதல் இரண்டையும் மாற்றுப் பொருட்கள் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. மூன்றாவதில்தான் தடுமாறுகின்றன, அதற்குக் காரணம் உண்டு. 1975-ல் காரிங், லாங், லோ மூவரும் குரங்குகளில் ஒரு சோதனை செய்தார்கள். கெட்டி ஈறின் அடியில் உள்ள இணைப்புத் திசுவை எடுத்து, ஆடும் சவ்வுக்குக் கீழே புதைத்தார்கள். சில வாரம் கழித்து மேலே இருந்த சவ்வை நீக்கி, புதைத்த திசுவை வெளியே தெரிய விட்டபோது, சுற்றிலும் இருந்து ஊர்ந்து வந்து மூடிய தோல் கெட்டி ஈறின் தோலாக மாறியது. ஆடும் சவ்வின் திசுவைப் புதைத்த இடத்தில் அப்படி நடக்கவில்லை. அதாவது மேலே என்ன தோல் வளர வேண்டும் என்ற உத்தரவு கீழே இருக்கும் திசுவிலிருந்து போகிறது. உங்கள் மேலண்ணத்துத் திசுவில் அந்த உத்தரவைக் கொடுக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. பெட்டியில் வரும் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் நார்ப் புரதம்) துண்டில் உயிரணுவே இல்லை. அது ஒரு சாரம், கட்டடம் கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் கெட்டி ஈறு இருந்தால் நல்ல ஆட்கள் வருவார்கள், வெறும் சவ்வு மட்டும் இருந்தால் சவ்வின் ஆட்களே வந்து குடியேறுவார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

மூன்றாம் படி: ஒப்பிட ஒரு அளவுகோல்

சொந்தத் திசுதான் அளவுகோல். தோலோடு சேர்த்து மேலண்ணத்திலிருந்து எடுக்கும் ஒட்டு 1960-களிலேயே வந்துவிட்டது. கெட்டி ஈறை உருவாக்க இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சைக்கிள் டியூபுக்குப் போட்ட பஞ்சர் ஒட்டு மாதிரி நிறம் தனியாகத் தெரியும், சுருங்கவும் செய்யும். 1985-ல் லாங்கர் இருவரும் எழுதிய முறையில் மேல்தோலை அங்கேயே விட்டுவிட்டு அடியில் உள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து ஃபிளாப்புக்குக் கீழே வைக்கிறார்கள். ஃபிளாப் என்பது ஈறைத் தளர்த்தி, பல்லின் பக்கமாக இழுத்து வேர்மேல் போர்த்தும் பகுதி. வேரை மூடுவதில் இன்றுவரை முதலிடம் இதற்குத்தான்.

குறைகளும் உண்டு. இரண்டாவது காயம், ரத்தக் கசிவு, மேலண்ணத் தமனி அருகில் இருப்பதால் எடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பு. ஆறேழு பல் வரிசையாக இறங்கியிருந்தால் இரண்டு பக்கமும் எடுத்தாலும் போதாது. மாற்றுப் பொருளுக்கு உண்மையான நியாயம் அங்கேதான் பிறக்கிறது.

நான்காம் படி: பொருட்கள் ஒவ்வொன்றாக

மனிதத் தோலில் இருந்து வருவது. இறந்த பின் தானம் செய்தவர்களின் தோலில் மேல்தோலையும் எல்லா உயிரணுக்களையும் நீக்கி, கொலாஜன் வலையை மட்டும் மிச்சம் வைத்துப் பதப்படுத்துவார்கள். அல்லோடெர்ம் என்ற பெயர்தான் பழசு. தீக்காயத்துக்காக வந்தது, 1990-களின் நடுவில் வாய்க்குள் நுழைந்தது. வேரை மூடுவதில் சொந்தத் திசுவுக்கு நெருக்கமாக வரும், நிறமும் நன்றாகப் பொருந்தும். உப்பு நீரில் ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், காய்ந்த நிலையில் அட்டை போல இருக்கும். அதற்கு இரண்டு முகம்: ஒன்று மேல்தோல் ஒட்டியிருந்த அடித்தளச் சவ்வு, இன்னொன்று இணைப்புத் திசு. ஊறிய பின் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நோயாளியின் ரத்தத்தில் ஒரு சொட்டை இரண்டு பக்கமும் தடவி உப்பு நீரில் அலசினால், இணைப்புத் திசுவின் பக்கம் சிவப்பு அப்படியே பிடித்துக்கொள்ளும், மற்ற பக்கம் வெளுத்துவிடும். எந்தப் பக்கம் வேரைப் பார்க்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கொள்கை உண்டு, முடிவில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது: இதை ஃபிளாப்பால் முழுதாக மூட வேண்டும். வெளியே எட்டிப் பார்க்கும் பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடைக்காமல் அது சீக்கிரம் கரைந்து போகும்.

பன்றியில் இருந்து வரும் கொலாஜன். இதில் மூன்று விதம், ஒன்றை இன்னொன்றாக நினைத்துப் பயன்படுத்துவதால்தான் நிறைய சிகிச்சைகள் சொதப்புகின்றன. மியூகோகிராஃப்ட் இரண்டு அடுக்கு. வழுவழுப்பான இறுக்கமான அடுக்கு வெளிப்பக்கம், பஞ்சு போன்ற அடுக்கு திசுவின் பக்கம். இதை நனைக்கக் கூடாது. காய்ந்தபடியே அளவுக்கு வெட்டி வைத்தால் நோயாளியின் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே உப்பு நீரில் முக்கிவிட்டால் ரத்தம் போக வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். இதைத் திறந்தபடி விட்டாலும் பரவாயில்லை என்பதால், கெட்டி ஈறை அகலப்படுத்த மேலண்ண ஒட்டுக்குப் பதிலாக இதை முயல்கிறார்கள். கிடைக்கும் அகலம் கொஞ்சம் குறைவு, நிறப் பொருத்தமும் நோயாளியின் நிம்மதியும் அதிகம். ஃபைப்ரோகைட் என்பது குறுக்கிணைப்பு செய்து, அதாவது நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, கனம் நிலைக்கும்படி ஆக்கிய தடித்த பஞ்சு. தடிப்பாக்கத்தான் இது. நனைந்ததும் உப்பும், அதனால் உப்பிய பின் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முன்பே கணக்குப் போட்டு மெலிதாகச் சீவி வைக்க வேண்டும், மேலே ஃபிளாப் இழுவிசை இல்லாமல் முழுதாக மூட வேண்டும். பெட்டியில் வந்த தடிப்போடு அப்படியே உள்ளே திணித்தால் இரண்டாவது வாரத்தில் தையல் வழியே எட்டிப் பார்க்கும். மூன்றாவது, மியூகோடெர்ம் போன்றவை, பன்றியின் தோலையே உயிரணு நீக்கிப் பதப்படுத்தியது. இதை மியூகோகிராஃப்டுக்கு நேர்மாறாக ஊறவைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வளையாது.

எம்டோகெயின். இது ஒட்டே இல்லை, ஒரு ஜெல். பன்றிக்குட்டியின் முளைக்காத பல் அரும்பிலிருந்து எடுத்த புரதம், பெரும்பகுதி அமெலோஜெனின். வேரை 24 சதவீத ஈடிடிஏ ஜெல் கொண்டு இரண்டு நிமிடம் சுத்தப்படுத்தி, அலசி, ரத்தம் அந்த இடத்தைத் தொடும் முன்னால் தடவ வேண்டும். ஃபிளாப்பை மட்டும் இழுத்துத் தைப்பதைவிட இதோடு சேர்த்துத் தைத்தால் வேர் மூடுவது மேம்படுகிறது. தடிப்பைத் தராது, ஜெல் எப்படித் தரும்? தடிப்பான ஈறு ஏற்கெனவே இருக்கிறவருக்கு நல்ல துணை.

பிஆர்எஃப், அதாவது பிளேட்லெட் நிறைந்த ஃபைப்ரின். உங்கள் ரத்தத்தையே எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே சுழற்றுவார்கள். 2001-ல் ஷோக்ரூன் தொடங்கிவைத்த முறை. குழாயின் அடியில் சிவப்பணு, மேலே தெளிந்த திரவம், நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி. அதை எடுத்து அமுக்கினால் சவ்வாகிவிடும். ரத்தம் எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அரட்டை அடித்தால் குழாயிலேயே உறைந்து வீணாகும். செலவு குறைவு, மிருகப் பொருள் இல்லை, ஆறுவதும் சுகமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடுகிற ஒன்றிடம் நிரந்தரத் தடிப்பை எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை. எனக்கு இது அதிகம் பயன்படுவது மேலண்ணக் காயத்தை மூடத்தான்.

பிரசவத்தின்போது தானமாகப் பெறும் பனிக்குடச் சவ்வு, ஹயலூரானிக் அமில ஜெல் எல்லாம் பட்டியலில் உண்டு. கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன், முதல் தேர்வாக நான் எடுப்பதில்லை. உயிரணுக்களோடு வளர்த்த ஒட்டு ஒன்றுக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஜின்டுயிட் என்று பெயர். மாட்டுக் கொலாஜன் மேல் மனித உயிரணுக்களை வளர்த்தது. மேலே சொன்ன உத்தரவுப் பிரச்சினைக்கு நேரடியான பதிலைத் தேடிய முயற்சி, ஆனால் அன்றாட சிகிச்சையில் நிலைக்கவில்லை.

பன்றி, மாடு, இறந்தவர் தோல் என்று எதுவாக இருந்தாலும், மதம் காரணமாகவோ மனம் ஒப்பாததாலோ வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன் அது எதிலிருந்து வந்தது என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். அவராகச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

ஐந்தாம் படி: இம்பிளாண்ட் என்றால் கணக்கே வேறு

பல்லின் வேரைச் சுற்றி ஈறின் நார்கள் வேருக்குள் குத்தி நிற்கும். இம்பிளாண்ட் என்பது போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் பொருத்தும் உலோகத் திருகு, அதில் குத்த இடமில்லை. நார்கள் உலோகத்துக்கு இணையாகச் சட்டைக் கழுத்து மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கும். பல்லைச் சுற்றியுள்ள தசைநாரிலிருந்து வரும் ரத்த ஓட்டமும் இங்கே கிடையாது. அதனால் இங்கே ஒட்டு பிழைப்பதும் கடினம், ஈறு இறங்கி உலோகம் தெரிந்துவிட்டால் பிறகு மூடுவது அதைவிடக் கடினம். இம்பிளாண்டைப் பொறுத்தவரை வந்தபின் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்; ஈறைத் தடிப்பாக்க வேண்டியிருந்தால் இம்பிளாண்ட் வைக்கும்போதோ, இரண்டாம் கட்டமாக அதைத் திறக்கும்போதோ செய்துவிட வேண்டும்.

முன்பல்லில் தடிப்பு அழகுக்கும் தேவை. 2007-ல் யுங் குழுவினர் பன்றித் தாடையில் சோதித்தபோது, சவ்வு 3 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால்தான் அடியில் உள்ள டைட்டானியத்தின் சாம்பல் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இந்தத் தடிப்பு வேலைக்குக் கனம் நிலைக்கும் கொலாஜன் நல்ல மாற்று, சொந்தத் திசுவுக்கு அருகில் வருகிறது.

கெட்டி ஈறே இல்லாத கீழ்க் கடைவாய்ப் பல் இடம் இருக்கிறதே, அங்கே பிரஷ் படும்போதெல்லாம் வலிக்கிறது என்று நோயாளி தேய்ப்பதையே விட்டுவிடுவார், பிறகு இம்பிளாண்டைச் சுற்றி அழற்சி. இங்கே நான் இன்னும் மேலண்ண ஒட்டையே நம்புகிறேன். நடுவழி ஒன்று உண்டு: மேலண்ணத்திலிருந்து மெல்லிய ஒரு கீற்றை மட்டும் எடுத்து வேண்டிய எல்லையில் தைத்து, மீதி இடத்தைக் கொலாஜன் துண்டால் நிரப்புவது. கீற்று உத்தரவு கொடுக்கும், கொலாஜன் இடம் கொடுக்கும். வெட்டு சின்னது, பலன் பெரிது. என்னிடம் கேட்டால் மாற்றுப் பொருட்கள் தொடர்பாக வந்த யோசனைகளிலேயே இதுதான் புத்திசாலித்தனமானது.

ஆறாம் படி: அறுவை நாள்

பொருளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், முடிவில் பாதிக்கு மேல் ஃபிளாப்பின் கையில். அது மெல்லியதாக இருந்தால், இழுத்துப் பிடித்துத் தைத்தால், எந்தப் பொருளும் காப்பாற்றாது. தைக்கும் முன் ஒரு சோதனை: ஃபிளாப்பை வேர்மேல் போர்த்திவிட்டுக் கையை எடுங்கள். தானாக அங்கேயே நிற்க வேண்டும். பின்னால் ஓடினால் அடியில் உள்ள சவ்வை இன்னும் தளர்த்த வேண்டும், தையலால் சமாளிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். விளிம்பை ஈறு இருக்க வேண்டிய கோட்டுக்குக் கொஞ்சம் தாண்டியே தைக்க வேண்டும், ஆறும்போது சற்றுப் பின்வாங்கும்.

நோயாளிகள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. என் இடத்துக்கு வேண்டியது மூடுவதா, தடிப்பா, கெட்டி ஈறா? நீங்கள் வைக்கப்போகும் பொருள் அந்த வேலைக்கானதா, எதிலிருந்து வந்தது? அது வேலை செய்யாவிட்டால் அடுத்து என்ன? மூன்றாவதற்கு "மேலண்ணத்திலிருந்து எடுப்போம்" என்று தயங்காமல் சொல்கிற மருத்துவரை நம்பலாம்.

ஏழாம் படி: வீட்டுக்குப் போன பிறகு

முதல் இரண்டு மூன்று நாள் ஒட்டுக்கு ரத்தக் குழாயே கிடையாது, சுற்றியுள்ள கசிவை உறிஞ்சித்தான் அது நனைந்து கிடக்கும். அதன் பிறகுதான் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஒட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அவை அறுந்துபோகும். இதைச் சொல்லியும் மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிச் செல்ஃபி எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். படம் எடுக்க இழுத்த இழுப்பில்தான் தையல் தளரும்.

சுமார் இரண்டு வாரம் அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, மருத்துவர் சொன்ன குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு போதும், அதையும் வாயை உப்பிக் குலுக்காமல் தலையைச் சாய்த்து ஊறவிட்டுத் துப்புங்கள். மென்மையான, ஆறிய உணவு. முதல் நாள் வெளியே கன்னத்தில் ஐஸ். புகை கூடவே கூடாது. புகைப்பவர்களுக்கு வேர் மூடுவது தெளிவாகக் குறைகிறது. ரத்தம் நிற்காமல் வந்தால், வீக்கம் மூன்று நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே அழையுங்கள்.

வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பதறி நகத்தால் சுரண்டாதீர்கள். மேல்தோல் உரிந்து வருவதாக இருக்கலாம், மியூகோகிராஃப்ட் திறந்திருந்தால் அதன் வழக்கமான தோற்றமாகவும் இருக்கலாம். தானத் தோல் வலையோ (அல்லோடெர்ம் போன்றது) கனமான கொலாஜனோ வெளியே வந்திருந்தால்தான் கவலை. அதையும் வெட்டுவதா விடுவதா என்று நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், போனில் முடியாது.

பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்போம். அன்று கண்ணாடியைக் கேட்பார்கள், கொடுப்பேன், ஆனால் அது வீக்கத்தோடு சேர்ந்த ஈறு என்று சொல்லித்தான் கொடுப்பேன். பிரஷ்ஷை மிக மென்மையானதாக மாற்றி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி உருட்டித் தேய்க்க அன்றே கற்றுக்கொடுத்துவிடுவேன். உண்மையான அளவு ஆறு மாதம் கழித்து, அதே வெளிச்சத்தில் அதே கோணத்தில் படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும். சிலருக்கு அதற்குப் பிறகும் ஈறு ஒரு மயிரிழை ஊர்ந்து வந்து வேரை இன்னும் கொஞ்சம் மூடியிருக்கும்.